இருட்டிலும் கொல்லும் பொடி

கடையில் திருநீற்று உருண்டையைப் பார்த்தால் என்னால் இன்றைக்கும் சும்மா கடந்துபோக முடியாது. வாங்குகிறவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு நிமிஷம் வெயிலில் காட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்று கை பரபரக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருக்கென்ன? அந்த ஐப்பசியில் அவர் எங்கள் வீட்டில் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. மதுரையில், கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பா காலமாகியிருந்தார். அக்காவைச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மிச்சமிருந்த என்னை யார் தலையில் கட்டுவது என்பது அம்மாவின் கவலை. பாட்டிலில் இருக்கும் சாயத்தண்ணீர் ஏன் இன்னும் வெளுக்கவில்லை என்பது என் கவலை.

சாயப்பட்டறைத் தண்ணீரை வெயிலை வைத்தே சுத்தம் செய்ய முடியுமா, அதில் கிடக்கும் கிருமியையும் சேர்த்துக் கொல்ல முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி. அபூர்வமான பொருள் ஒன்றும் இல்லை, சுவருக்கு அடிக்கிற பெயிண்டில் இருப்பதுதான். வெயில் பட்டால் அதற்குள் எலக்ட்ரான்கள் துள்ளி எழும். எழுந்தவை பக்கத்தில் கிடக்கும் சாயத்தையும் கிருமியையும் உடைத்துப்போட வழிசெய்யும். ஆனால் முக்கால்வாசி எழுந்த வேகத்திலேயே திரும்ப விழுந்துவிடும், பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிவிட்ட பிள்ளை மறுபடி பாயில் சாய்கிற மாதிரி. பொடியின்மேல் துளி வெள்ளியை ஏற்றிவிட்டால் எழுந்ததை வெள்ளி பிடித்து வைத்துக்கொள்ளும், வேலை மளமளவென்று நடக்கும். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அப்போதுதான் இதெல்லாம் வர ஆரம்பித்திருந்தது. என் ஆராய்ச்சியை மேற்பார்த்த சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நம்ம ஊர்ல இல்லாத வெயிலாம்மா?" என்பார்.

பொடியை அப்படியே தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது. அதனால் மைதாக் கஞ்சி விட்டுப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் உருண்டை பிடித்தேன். காய்ந்தபிறகு கல்லூரி உலையில் சுட வேண்டும். தீபாவளி விடுமுறைக்குக் கல்லூரியைப் பூட்டிவிட்டதால், சாரிடம் சொல்லிவிட்டு இரண்டு தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். வெறும் உருண்டைகள் மொட்டை மாடியில் காய்ந்தன. வெள்ளி உப்பில் ஊறிய உருண்டைகளுக்கு வெளிச்சம் ஆகாது, பட்டால் கருத்துப்போகும். அவை சாமான் அறையில் கருப்புத் துணிக்குக் கீழே இருந்தன. இருட்டில் இருக்கும்வரை இரண்டும் ஒரே வெள்ளை. அம்மாவிடம் இரண்டையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம்தான் அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து பிள்ளைப்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். கை நிறையக் கண்ணாடி வளையல், விரல் நுனியெல்லாம் தொப்பி வைத்த மாதிரி மருதாணி. வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை. முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தது. இந்தப் பிள்ளையாவது உயிரோடு கைக்கு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எங்களில் யாருக்கும் இல்லை. அக்கா தும்மினால்கூட அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவாள்.

ஒரு நாள் சாயத்தண்ணீர் எடுத்துவரச் சாயப்பட்டறைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்து மாடியேறினால் தட்டைக் காணோம். கீழே ஓடி சாமான் அறையைப் பார்த்தேன். கருப்புத் துணி மடித்து அழகாக ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"அம்மா, உருண்டை எங்க?"

"தூத்தப் போட்டுச்சுடி. மாடியில கெடந்தத எடுத்தேன். உள்ள பாத்தா இன்னொரு தட்டுலயும் அதே கெடக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு டப்பாவுல மூடி வச்சுட்டேன்."

"ஒண்ணாவா? தொடாதன்னு சொன்னேன்ல?"

"நனையட்டும்னு விட்டிருந்தா அதுக்கும் கத்துவ."

"எங்க வச்ச?"

"சாமி ரூம்ல. அடுப்படியில வச்சா சோத்துல போட்டுருவேன்னு நீதான பயப்படுவ."

சாமி அறையில் திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். அடியில் வெள்ளைத் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

எத்தனை நாளாக அந்த டப்பா அங்கே இருந்தது என்று கேட்டேன். முந்தாநாள் தூறலிலிருந்து என்றாள் அம்மா. நான் மாடிப்பக்கம் போகாமல் இருந்ததும் அந்த நாட்கள்தான். அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் கூடத்தைப் பார்த்தோம். அங்கே அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே திருநீறு, சிலேட்டுக் குச்சி, அடுப்புச் சாம்பல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றவள். மாமியாரிடம் திட்டு வாங்கி, சத்தியம் செய்து, சத்தியத்துக்கு மறுநாளே தின்றவள்.

"அக்கா, சாமி ரூம் டப்பாவுல இருந்தத எடுத்தியா?"

"நான் எதுக்குடி ஒன் டப்பாவத் தொடுறேன்?"

"திட்ட மாட்டேன், நெசத்தச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன். ஆளாளுக்கு வந்து போலீஸ் மாதிரி கேக்குறீங்க." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி வெயில்தான். வெள்ளி உப்பைத் தொட்ட தோலில் வெளிச்சம் பட்டால் கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும். அப்படிக் கருத்த என் விரல்களைப் பார்த்துவிட்டுத்தான், பெண்ணுக்கு ஏதோ தோல்வியாதி என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். "கைய நீட்டு" என்றேன். நீட்டினாள். விரல் நுனி ஒவ்வொன்றும் மருதாணியில் கருஞ்சிவப்பாக இருந்தது. அதில் எதைக் கண்டுபிடிப்பது? உதட்டைப் பார்க்கலாம் என்றால், சோழவந்தான்காரி, சாப்பிட்ட கையோடு வெற்றிலை போட்டு வாய் முழுக்கச் சிவந்து கிடந்தது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள்மேலா, மருதாணிமேலா, அம்மாமேலா என்று தெரியவில்லை.

"அக்கா, அது திருநீறு இல்ல. கிருமியக் கொல்றதுக்கு நான் செஞ்ச மருந்து."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"கொல்றதா?"

அதற்குப்பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மூன்று உருண்டைகள் மிச்சம் இருந்தன. "சாமி ரூம்ல இருந்துச்சு, திருநீறுன்னுதான்டி நெனச்சேன். ஒண்ணு ரெண்டு லேசாக் கசந்துச்சு. பழனித் திருநீறு போலன்னு நெனச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றையும் ஒரு தட்டில் போட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். வானம் முழுக்க மூட்டம். மதுரையில் வருஷம் முழுக்கக் கொளுத்துகிற வெயில், எனக்கு வேண்டிய அன்றைக்குப் பார்த்து ஒளிந்துகொண்டது. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் வெள்ளையாகவே இருந்துவிடு, எல்லாம் வெறும் பெயிண்ட் பொடியாகவே இருந்துவிடு என்று மனசு அரற்றியது. மேகம் கொஞ்சம் விலகி மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. இரண்டு உருண்டைகள் அப்படியே இருந்தன. மூன்றாவது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாவல்பழத் தோல் மாதிரி நிறம் மாற ஆரம்பித்தது.

அக்காவும் மாடியேறி வந்திருந்தாள். "அது என்னடி, கருக்குது?" என்றாள். அவளிடம் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. வெள்ளி என்றேன். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்: "பயப்படாதக்கா. வெயில் பட்டாத்தான் அது கிருமியக் கொல்லும். வயித்துக்குள்ள ஏது வெயிலு?"

அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஆமால்ல, உள்ள இருட்டுத்தான?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆமா, இருட்டுத்தான் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்தது. பொடி வெளிச்சத்தில்தானே வேலை செய்கிறது, நாலைந்து மாதமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

பஸ் பிடித்து சார் வீட்டுக்கு ஓடினேன். அவர் முதலில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டார். "ரொம்பக் கம்மிம்மா. வயித்துல இருக்கிற அமிலத்தோட சேந்து கரையாத உப்பா மாறிப்போகும், பாதி அப்படியே வெளிய போயிரும். எதுக்கும் உப்பு போட்ட மோர் குடுக்கச் சொல்லு. டாக்டர்ட்ட மறைக்காமச் சொல்லு." வாசல்வரை வந்தவர், "ஒங்கக்காவுக்கு முன்னால ஒண்ணு தவறிப்போச்சுன்னு சொன்னேல்ல?" என்றார். அதை ஏன் அப்போது கேட்டார் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சைக்கிள் ரிக்‌ஷாவில் அக்காவை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வழியில், என் முகத்தைப் பார்க்காமல், அக்கா ஒன்று சொன்னாள்.

"நாக்கு ருசிக்கு மட்டும் திங்கலடி. மொதப் பிள்ளைக்கும் இப்படித்தான் ஆசையா வந்துச்சு. ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், ஒண்ணுமே திங்கத் தோணல. எல்லாரும் நல்லதாப் போச்சுன்னாங்க. அன்னைக்குத்தான் உள்ள அசைவும் நின்னுச்சு. அதுலேருந்து இந்த ஆசை வந்தாத்தான் பிள்ள உசுரோட இருக்குன்னு எனக்கு நிம்மதி."

டாக்டரம்மா வயதானவர், கண்டிப்பானவர். குழல் மாதிரி ஒரு மரக்கருவியை அக்கா வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். வெள்ளிக் கதையை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். "மிட்டாய்ல வெள்ளித்தாள் ஒட்டித் திங்குறாங்க, ஒண்ணும் ஆகல. இந்த அளவுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே தொடக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே, இதப் பாரு, காகிதம் மாதிரி" என்று சத்தம்போட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். வெளியே கூட்டம் நின்றது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் கொஞ்சம் மூச்சு வந்தது. அக்கா உப்பு மோரும் மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கல்லூரி திறந்தது. புது உருண்டைகள் செய்து, உலையில் சுட்டு, வாய்க்கால் தண்ணீரில் போட்டு, கிருமி எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் வேலை ஆரம்பமானது. ஒரு பாட்டில் வெயிலில், இன்னொன்று கருப்புத் தாள் சுற்றி இருட்டில். இருட்டுப் பாட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான். அதில் கிருமி அப்படியே இருக்க வேண்டும், வெயிலில் செத்திருக்க வேண்டும். அப்போதுதான் வேலை செய்தது வெளிச்சம் என்று சொல்ல முடியும்.

இரண்டு பாட்டில் தண்ணீரிலும் துளி எடுத்து விட்டு, உயிரோடிருக்கும் கிருமி புள்ளி புள்ளியாக முளைக்கட்டும் என்று மூடிவைத்த கண்ணாடித் தட்டுகளைத் திறந்து பார்த்தேன். வெயில் பாட்டில் தண்ணீரில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. இருட்டுப் பாட்டிலைப் பார்த்தேன். அதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. தட்டு மாறிவிட்டதோ என்று மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் அதேதான். சார் தாடையைத் தடவிக்கொண்டே, "உருண்டையிலேருந்து வெள்ளி தண்ணியில எறங்குது. அதுக்கு வெளிச்சமே வேணாம், தன்னாலயே கொல்லும். நல்ல விஷயம்தாம்மா, எழுதிக்கோ" என்றார்.

கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சுட்ட உருண்டையிலேயே இப்படி இறங்குகிறதென்றால், அக்கா தின்றது சுடாத உருண்டை. உள்ளே இருட்டுத்தானே என்று நான்தானே அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்? பாக்டீரியா வேறு, பிள்ளை வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். டாக்டர் சொன்னதும் தெரியும், சார் சொன்னதும் தெரியும். வேதியியல் படித்த மண்டைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அக்காவிடம் போய், "இன்னைக்கு ஏதாச்சும் திங்கணும் போல இருக்கா?" என்று கேட்பேன். "இருக்குடி, சாம்பல் வாசனைக்கு நாக்கு ஊறுது" என்பாள். அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும். தின்னாதே என்று காவல் காக்க வேண்டிய நான், ஆசை இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு காலை வழக்கம்போலக் கேட்டேன். அக்கா சுவரைப் பிடித்து எழுந்து சாமி அறைக்குப் போனாள். திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் ரத்தமில்லை.

"ஒண்ணுமே தோணலடி."

"நல்லா மோந்து பாருக்கா."

"தோணல. ராத்திரிலேருந்து அசைஞ்ச மாதிரியும் இல்ல."

அம்மா பூசைத்தட்டைக் கீழே போட்டுவிட்டாள். எந்த ரிக்‌ஷா, யார் கூப்பிட்டது, வாசலைப் பூட்டினோமா, எதுவும் நினைவில்லை. கல்பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் ரிக்‌ஷா நின்றுவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அக்கா அழவே இல்லை. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வளையல் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருந்தாள். "நீ சொன்னேல்ல, உள்ள இருட்டுத்தான்னு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவள் இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

டாக்டரம்மா அக்காவைப் படுக்கவைத்து மரக்குழலை வயிற்றில் வைத்தார். கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். நர்சிடம் ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஃபேன் நின்றதும் வராந்தாவில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழல் மறுபடியும் இடம் மாறியது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "நல்லா இருக்கு" என்றார், மாவு அரைத்தாச்சு என்கிற மாதிரி. "பிள்ள திரும்பிப் படுத்திருக்கு, அதான் தேட வேண்டியதாப் போச்சு."

யாரும் நம்பவில்லை. ஆசை நின்றுபோனதை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "இரும்பு மாத்திரை போட்டா அந்த ஆசை போயிரும். ரத்தம் ஊறுதுன்னு அர்த்தம். மண்ணு திங்கிறதே ரத்தம் இல்லாததாலதான். இத யாரும் சொல்லலையா?" சொல்ல வேண்டியவர் அவர்தான். அதைச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

அக்கா அப்போதும் அசையவில்லை. "நீ கேட்டுச் சொல்லுடி" என்றாள் என்னிடம்.

டாக்டர் என்ன நினைத்தாரோ, என் தலையைப் பிடித்துக் குழல்மேல் அழுத்தினார். முதலில் என் காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற இரைச்சல்தான் கேட்டது. ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதற்கு அடியிலிருந்து, எங்கோ அவசரமாகப் போகிறவன் காலடி மாதிரி, சின்னதாக, விடாமல் ஒரு சத்தம் வந்தது.

"ஓடுதுக்கா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா. வேகமா ஓடுது."

அக்கா அப்போதுதான் அழுதாள். அவள் வயிறு குலுங்கியதில் குழல் நழுவியது, நான் பிடித்து மறுபடி வைத்துக்கொண்டேன். போதும் எழுந்திரு, அடுத்த ஆள் வரட்டும் என்றார் டாக்டர். என்னால் காதை எடுக்க முடியவில்லை. எடுத்தால் நின்றுவிடுமோ என்று இருந்தது. அவர் இன்னொரு முறை சொன்னபோது அக்காவின் மருதாணிக் கை என் தலைமேல் வந்து விழுந்தது.

"கொஞ்ச நேரம் கேக்கட்டும் டாக்டர்" என்றாள் அக்கா. "என்னையவிட இவதான் ரொம்பப் பயந்துட்டா."